தேய்ந்த முட்டி மறுபடி வளருமா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொல்வதும், தோற்றுப்போன மருந்துகள் சொல்வதும்

"இனிமே முட்டி ஆபரேஷனே வேண்டாமாம், ஊசி வந்தாச்சாம்." 2025 நவம்பர் இறுதிக்குப் பிறகு இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழுந்திருக்கலாம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "நீ கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லு. பெரியம்மாவுக்கு டாக்டர் தேதி குடுத்திருக்காரு, பொறுத்துப் பார்க்கலாமா?"

கேள்வி நியாயமானதுதான். 2020ல் உலகம் முழுக்கச் சுமார் 59.5 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. 2050ல் இது 100 கோடியை நெருங்கும் என்கிறது 'லான்செட் ருமட்டாலஜி' இதழ் 2023ல் வெளியிட்ட மதிப்பீடு. இத்தனை பேரைப் படுத்தும் நோயின் போக்கையே தடுத்து நிறுத்தும் மருந்து என்று அமெரிக்காவின் எஃப்டிஏ இதுவரை ஒன்றைக்கூட அங்கீகரிக்கவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையும் அப்படித்தான். கையில் இருப்பதெல்லாம் வலியைக் குறைக்கும் வழிகள். கடைசியில் மூட்டையே மாற்றுவது. அதனால்தான் 'வளருது' என்ற ஒரு வார்த்தை கேட்டாலே இவ்வளவு பரபரப்பு.

ஸ்டான்ஃபோர்டில் என்ன கண்டுபிடித்தார்கள்?

செய்தி முழுப் பொய் இல்லை. 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அது. வயதாக ஆக, மூட்டுக் குருத்தெலும்பில் 15-பிஜிடிஎச் என்ற நொதி அதிகமாகிறது. புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற மூலக்கூறைச் சிதைப்பதுதான் இந்த நொதியின் வேலை. நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, வயதான எலிகளின் முட்டியில் மெலிந்துபோன குருத்தெலும்பு மீண்டும் தடித்தது. முட்டியில் காயம்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது, பின்னால் வரவேண்டிய தேய்மானம் பெரிய அளவில் தடுக்கப்பட்டது. முட்டி மாற்று அறுவை சிகிச்சையின்போது மனிதர்களிடமிருந்து எடுத்த திசுவிலும், ஆய்வகத்தில் ஒரே வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது.

ஸ்டெம் செல் எதையும் வெளியிலிருந்து செலுத்தவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த செல்களே தங்கள் நடத்தையை மாற்றிக்கொண்டன. சோர்ந்து, பாதி எதிரியாகிவிட்ட செல்கள் மறுபடி கட்டுமான வேலைக்குத் திரும்பின என்று சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முட்டி வலித்தால் விழுங்குகிறோமே டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், அவை அடக்குவது இதே புரோஸ்டாகிளாண்டின் இ2வைத்தான். வலியையும் வீக்கத்தையும் கூட்டும் மூலக்கூறு என்று இத்தனை காலம் பெயர் வாங்கிய ஒன்று, சரியான அளவில் இருந்தால் பழுது பார்க்கவும் செய்கிறது. ஒரே சிக்னல், ரெண்டு முகம். மூட்டுத் தேய்மான ஆராய்ச்சியின் கடந்த 20 ஆண்டுக் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்.

'தேய்மானம்' என்ற சொல்லே பாதி தப்பு

"ஜவ்வு தேஞ்சு போச்சு" என்பது நம்மூரில் வழக்கமான பேச்சு. கேட்டால் பைக் டயர் மாதிரி தோன்றும்: ஓட்ட ஓட்டத் தேயும், ஓட்டாமல் வைத்தால் தேயாது. குருத்தெலும்பு அப்படியில்லை. அது உயிருள்ள திசு. ஆனால் விசித்திரமான திசு. ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பஞ்சு போன்ற மூலக்கூறு, அதைக் கட்டி இழுத்து நிறுத்தும் கொலாஜன் வலை, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் செல்கள். மொத்தப் பருமனில் செல்களின் பங்கு ஓரிரு சதவீதம்தான். மிச்சம் மொத்தத்தையும் பராமரிப்பது இந்தச் சிறுபான்மையின் பொறுப்பு.

இந்த கொலாஜன் எவ்வளவு பழையது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த விதம் அலாதியானது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு எகிறியது, பிறகு மெல்ல இறங்கியது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் முத்திரை போல நின்றுவிடும். முட்டிக் குருத்தெலும்பின் கொலாஜனை அப்படி அளந்து பார்த்ததில், வளர்ச்சி முடிந்த பிறகு அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2016ல் தெரியவந்தது. தேய்மானம் வந்த மூட்டிலும் அதே கதைதான். 40 வயதில் உங்கள் முட்டியில் இருப்பது, நீங்கள் ஸ்கூல் படித்தபோது இருந்த அதே கொலாஜன். கொலாஜன் பவுடர் விளம்பரம் ஸ்க்ரோலில் வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அதாவது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் குருத்தெலும்பின் முதன்மையான உத்தி. இழந்தால் திரும்ப எழுப்புவது அதற்குக் கைவராத கலை. காக்கும் சிக்னல்கள் முக்கியமாவது இதனால்தான்.

நடக்கும்போது செல்லுக்குள் என்ன கேட்கிறது?

நீங்கள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. அந்த அழுத்தத்தை செல்கள் கணக்கெடுக்கின்றன. அமெரிக்காவில் நடந்த ஆய்வக ஆய்வுகள் 2014ல் இதில் ஓர் அழகான வேலைப் பிரிவினையைக் காட்டின. செல்லின் மேற்பரப்பில் உள்ள டிஆர்பிவி4 என்ற கதவு மிதமான, சீரான அழுத்தத்துக்குத் திறக்கிறது. திறந்தால் கட்டுமான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. பியசோ1, பியசோ2 என்ற வேறு கதவுகள் காயம் உண்டாக்கும் அளவிலான அழுத்தத்துக்குத் திறக்கின்றன. அவை திறந்தால் செல் சாவை நோக்கிப் போகிறது. பியசோவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதில் எஃப்ஜிஎஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணிகள் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் போலக் கிடக்கின்றன. அமுக்கினால் வெளியே வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் கென்னடி நிறுவனத்தில் டோனியா வின்சென்ட்டின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மருந்துக்கடையில் கிடைக்காத ஒன்றை நடை கொடுக்கிறது என்று சொன்னால் அது வெறும் அறிவுரை இல்லை, உயிர்வேதியியல்.

பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு முட்டி சீக்கிரம் போய்விடும் என்ற பயமும் இங்கேயே அடிபடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான அலசலில், பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம். உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஓடியதால்தான் மூட்டு நன்றாக இருந்தது என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுவார்கள். ஆனாலும் டயர் உவமை தப்பு என்பதற்கு இது போதும்.

காவலர்கள் எப்போது கட்சி மாறுகிறார்கள்?

காயம், வயது, அதிக எடை, பரம்பரை என்று ஏதோ ஒன்றால் சமநிலை குலைகிறது. இன்டர்லியூக்கின்-1 போன்ற அழற்சிச் சிக்னல்கள் வருகின்றன. செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்ச் விழுகிறது. அதன்பின் அதே செல், தானே கட்டிய வீட்டை இடிக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கிறது. கொலாஜனை வெட்டுவது எம்எம்பி-13. அக்ரிகனை வெட்டுவது அடாம்டிஎஸ்-5.

எதிர்ப்பக்கத்தில் காவலர்கள் இருக்கிறார்கள். செல்லின் குப்பையை அதுவே தின்று சுத்தம் செய்யும் ஆட்டோஃபேஜி, எரிபொருள் குறையும்போது விழித்துக்கொள்ளும் ஏஎம்பிகே, புதிய அக்ரிகனை உருவாக்கச் சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா. இந்தக் கடைசி ஆள்தான் சிக்கல். இளம் குருத்தெலும்பில் அது ஒரு ஏற்பி வழியே பேசி, செல்லைக் கட்டுமானத்தில் வைத்திருக்கிறது. வயதாகும்போது வேறொரு ஏற்பியின் பங்கு கூடுகிறது. அதே சொல், எதிர் அர்த்தத்தில் கேட்கிறது. குருத்தெலும்புக்குக் கீழே உள்ள எலும்பில் அது கூடிப்போனால், எலும்பு தாறுமாறாகக் கடினப்பட்டு மேலே இருப்பதையும் கெடுக்கிறது என்று எலி ஆய்வுகள் 2013லேயே காட்டிவிட்டன.

ஆக, 'காக்கும் சிக்னல்' என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த இடம், எந்த வயது, எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அது காவல் காப்பதா இடிப்பதா என்று முடிவாகிறது. மருந்து கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொண்ட பாடமும் இதுதான்.

எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றவை

அடாம்டிஎஸ்-5 இல்லாத எலிகளுக்குத் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது என்று 2005ல் 'நேச்சர்' இதழில் ஆய்வுகள் வந்தன. லாஜிக் தெளிவு: இடிக்கும் நொதியைத் தடு, குருத்தெலும்பு பிழைக்கும். அப்படி உருவான மாத்திரையை 900க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆண்டு சோதித்தார்கள். 2020 அக்டோபரில் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களின் குருத்தெலும்பும் எடுக்காதவர்களைப் போலவே மெலிந்தது.

அடுத்து ஸ்பிரிஃபெர்மின். இது எஃப்ஜிஎஃப்-18 என்ற வளர்ச்சிக் காரணியின் மருந்து வடிவம், முட்டிக்குள் நேரடியாகப் போடும் ஊசி. 549 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019ல் 'ஜாமா' இதழில் வந்தது. இது உண்மையிலேயே வேலை செய்தது: அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு, இரண்டு ஆண்டில் போலி ஊசி போட்டவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் தடிமன் கூடுதலாக இருந்தது. ஆனால் வலியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்கேன் சிரிக்கிறது, நோயாளி சிரிக்கவில்லை. குருத்தெலும்பில்தான் நரம்பே இல்லையே. வலி வருவது எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும். படத்தில் தெரியும் மில்லிமீட்டரும் மாடிப்படியில் தெரியும் வலியும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமான சொந்தக்காரர்கள் இல்லை.

தென்கொரியாவின் கதை இன்னும் மோசம். டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கும்படி மாற்றிய செல்களை முட்டிக்குள் செலுத்தும் இன்வோசா என்ற சிகிச்சைக்கு அந்த நாடு 2017ல் அனுமதி தந்தது. ஆயிரக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள். 2019ல் பார்த்தால், அதில் இருந்தவை சொன்னபடி குருத்தெலும்பிலிருந்து வந்த செல்கள் அல்ல, சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசை! அந்த ஆண்டே உரிமம் ரத்தானது.

வலியும் ஒரு காவலாளிதான்

'சரி, வளர வேண்டாம், வலியை மட்டும் முழுசா நிறுத்துங்க' என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். டனேசுமாப் என்ற மருந்து, வலி நரம்புகளைத் தூண்டும் என்ஜிஎஃப் என்ற காரணியைப் பிடித்துக் கட்டிப்போடும். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு மிக வேகமாகச் சிதைந்தது. வலி இல்லாததால் அந்த மூட்டின் மேல் சுமையை ஏற்றிக்கொண்டே போனார்களா, அல்லது மருந்தே மூட்டுக்குள் வேறு ஏதோ செய்ததா என்பது இன்றும் விவாதம். 2021 மார்ச்சில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 19-1 என்று எதிராக வாக்களித்தது. அதே ஆண்டு ஃபைசர் அந்த மருந்தைக் கைவிட்டது.

ஸ்டீராய்டு ஊசியின் கணக்கும் இங்கே சேர்கிறது. அவ்வப்போது ஒன்று போடுவது வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் கரைந்தது, வலியிலும் லாபம் இல்லை என்று 2017ல் 140 பேரிடம் நடந்த சோதனை காட்டியது.

கிளினிக் போர்டில் எழுதியிருப்பது

ஆராய்ச்சி இப்படித் தடுமாறிக்கொண்டிருக்க, சந்தை காத்திருக்கவில்லை. 'ஆபரேஷன் இல்லாமல் மூட்டு புதுப்பிப்பு' என்ற விளம்பரங்களில் அடிக்கடி வருபவை இரண்டு: பிஆர்பி, ஸ்டெம் செல். பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டில் போடுவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை; 'சிக்னல்' என்ற சொல்லை கிளினிக்குகள் கடன் வாங்குவது இங்கிருந்துதான். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில் (2021, 'ஜாமா'), ஓராண்டு கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, பிஆர்பி உப்புநீரை ஜெயிக்கவில்லை. ஸ்டெம் செல்லுக்கு வந்தால், அமெரிக்காவில் மூன்று வகை செல் சிகிச்சைகளை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023ல் 'நேச்சர் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை.

இந்திய நிலை இதைவிடத் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஐசிஎம்ஆர் பங்களிப்போடு வந்த 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்படி, ரத்தம் தொடர்பான நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் நிலைநாட்டப்பட்ட மருத்துவம் அல்ல. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. 'பேக்கேஜ் இவ்வளவு' என்று யாராவது சொன்னால், அது ஆய்வா சிகிச்சையா என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேட்கலாம்.

அப்போ பெரியம்மாவுக்கு என்ன பதில்?

எலி மருந்துக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எலியின் முட்டிக் குருத்தெலும்பு சில செல் அடுக்குகள் மட்டுமே. மனிதருக்கு அது மில்லிமீட்டர் கணக்கில். இந்த நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்று, தசைத் தளர்ச்சிக்காக ஆரோக்கியமானவர்களிடம் முதல் கட்டச் சோதனையைப் பாதுகாப்பாகத் தாண்டியிருப்பது நல்ல சகுனம். ஆனால் மூட்டுக்கான மனிதச் சோதனை வேறு கதை, அதற்கு ஆண்டுகள் ஆகும். தூக்கம் கெடுகிறது, கழிப்பறைக்குப் போவதே கஷ்டம் என்ற நிலையில் இருப்பவருக்கு, முட்டி மாற்று அறுவை சிகிச்சை இன்றைக்கு இருப்பவற்றில் பயனுள்ளது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் செயற்கை முட்டியின் விலையை, சராசரியாக 1.58 லட்சம் ரூபாயாக இருந்ததிலிருந்து ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய் என்று கட்டுப்படுத்தியதும் நினைவில் இருக்கட்டும். மருத்துவமனைக் கட்டணம் தனி. பில்லில் இம்பிளான்ட் விலையைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கட்டத்துக்கு வராதவர்களுக்கு? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. டென்மார்க்கில் 2013ல் தொடங்கிய ஒரு திட்டம் இதையே ஆறு வாரப் பாடமாக ஆக்கிப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. பலன் மாயாஜாலம் இல்லை, மிதமானதுதான். ஆனால் மாத்திரைபோல வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்காது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறைகிறது.

மருந்துப் பக்கத்திலும் எதிர்பாராத மூலைகளிலிருந்து வெளிச்சம் வருகிறது. உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் நடந்த சோதனையில், செமாக்ளூடைடு ஊசி 68 வாரத்தில் வலி மதிப்பெண்ணை 41.7 புள்ளி குறைத்தது. போலி ஊசியில் 27.5 (2024, 'என்இஜேஎம்'). வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்த அதே எடைக்குறைப்பு மருந்து. இன்னொன்று, சர்க்கரை நோயாளிகள் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் மெட்ஃபார்மின். ஏஎம்பிகே என்ற காவலனை எழுப்பும் குணம் அதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் எடை கூடிய 107 பேரிடம் ஆறு மாதம் சோதித்ததில், போலி மாத்திரையைவிட வலி கூடுதலாகக் குறைந்தது (2025, 'ஜாமா'). சின்ன ஆய்வு. 'அப்பாவோட மாத்திரையில ஒண்ணு எடுத்துப் போட்டுக்கலாம்' என்ற முடிவுக்கு யாரும் வர வேண்டாம்.

இது 60 வயதுக்காரர்கள் பிரச்சினை மட்டுமா?

வார இறுதியில் டர்ஃபில் ஃபுட்பால் ஆடி முட்டியில் ஏசிஎல் கிழித்துக்கொள்ளும் 25 வயதுக்காரர்களைப் பற்றி இந்தத் துறை அதிகம் கவலைப்படுகிறது. அப்படிக் காயம்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் தேய்மானம் வந்துவிடுகிறது. கிழிந்த ஜவ்வை அறுவை சிகிச்சையில் சரிசெய்தாலும், காயத்தன்று கிளம்பிய அழற்சிச் சிக்னல் அதன்பாட்டுக்கு வேலை பார்க்கிறது. 40 வயதில் முட்டி போனால், செயற்கை மூட்டு வைக்கவும் டாக்டர்கள் யோசிப்பார்கள். அது ஆயுள் முழுக்க வராமல் போகலாம், இரண்டாவது முறை மாற்றுவது கடினம்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வின் கூடுதல் மதிப்பு, வயதான எலியைவிடக் காயம்பட்ட எலியில்தான் இருக்கிறது. காயத்துக்கும் நோய்க்கும் நடுவே உள்ள அந்த 10 ஆண்டில் செல்கள் இன்னும் முழுசாகக் கட்சி மாறியிருக்காது. காக்கும் சிக்னலைக் கைகொடுத்துத் தூக்கிவிட அதுவே நல்ல நேரம். ஆனால் அதை மனிதரில் நிரூபிக்க, காயம்பட்ட இளைஞர்களுக்கு இன்று மருந்து கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குருத்தெலும்பு தடித்த படத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் நோயாளிக்கு நன்மை உண்டு என்று காட்ட வேண்டும் என்று எஃப்டிஏ 2018லேயே சொல்லிவிட்டது. மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் முடிபவை. காப்புரிமை 20 ஆண்டு. அவ்வளவு காலம் பொறுத்திருந்து பணம் போட யார் முன்வருவார்கள் என்பதுதான், நொதியின் பெயரைவிட, இப்போது இந்தத் துறையில் பெரிய கேள்வி.